மூன்று மழை காணாத தேறல்

“எந்தத் தேறலைக் கொடுத்தால், பேச்சை நிறுத்திய ஒருவன் மறுபடி பேசுவான்?”

கேட்டவன் அந்துவன், மிளகு வணிகன். கேட்கப்பட்டவர் கந்தியார், சமணப் பெண்துறவி. கள்ளை மட்டுமல்ல, தேனையும் தொடாதவர்.

அவரிடம் பாடம் கேட்கும் இந்த மாணவன் ஆசிரியரைவிடப் பதினைந்து வயது மூத்தவன். அது கல்விக்குத் தடை என்று எந்த நூலும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்துவன் அதைத் தேடிப் படித்திருப்பான்.

கந்தியார் மயிற்பீலியால் மணலைத் துடைத்து உட்கார்ந்தார்.

“வணிகரே, இதைக் கேட்க ஊரில் வேறு ஆள் கிடைக்கவில்லையா?”

“குடிக்கிறவர்கள் எல்லோரும் தங்களுக்குப் பிடித்ததைத்தான் சொல்கிறார்கள், அடிகளே. எனக்கு நடுநிலையான நாக்கு வேண்டும்.”

“பழகாத நாக்கு என்று சொல்லும்.”

“அதுவேதான்.”

அவன் மூன்று சாடிகளை வண்டியில் கொண்டுவந்திருந்தான். யவனர் சாடிகளுக்கு அடி கூராக இருக்கும், தாமாக நிற்காது. மணலைக் குழித்து ஒவ்வொன்றையும் நட்டு வைத்தான். பிறகு பேசத் தொடங்கினான். அந்தத் துறைமுகத்தில் அவனைவிட அவன் நாக்குக்குப் புகழ் அதிகம். கப்பல் வந்தால் யவனர்களே அவனை அழைத்துச் சுவை பார்க்கச் சொல்வார்கள்.

“இது கறுத்த திராட்சை. முதலில் துவர்க்கும், விழுங்கியபின் இனிக்கும். இது வெள்ளை. மரப்பிசின் வாசம் வரும். பழகாதவன் மருந்து என்று நினைப்பான். இது கடல்நீர் கலந்தது.”

“கடல்நீரா?”

“வேண்டுமென்றே கலக்கிறார்கள். பிறகு அதற்குக் கூடுதலாகப் பொன் கேட்கிறார்கள்.”

கந்தியார் அந்தச் சாடியைச் சற்று மரியாதையோடு பார்த்தார்.

“பேசாதவர் யார்?”

“மோசி. கப்பலுக்குக் கயிறு திரிக்கிறவன். நாங்கள் இருவரும் ஒரே கழிமுகத்தில் நீந்தக் கற்றவர்கள். நாளை காற்று திரும்புகிறது. என் கப்பல் புறப்படுகிறது. கடல் ஒருமுறை என்னை விட்டுவிட்டது. மறுமுறையும் விடும் என்பதற்கு யார் பிணை? அவனோடு பேசாமல் நான் ஏறமாட்டேன், அடிகளே. ஏற முடியாது.”



“ஏன் பேசாமல் போனார்?”

“நான் ஓர் உண்மையைச் சொன்னேன்.”

“உண்மை சொல்வது நோன்பாயிற்றே.”

“அதைத்தான் நானும் சொல்கிறேன்!”

“என்ன உண்மை?”

“அவன் வீட்டு விருந்து. அவனே செய்த தேறல். மூங்கில் குழாயில் ஊற்றி, வாயை மெழுகால் அடைத்து, மண்ணில் புதைத்தது. எனக்குத்தான் முதல் குவளை. குடித்தேன். ‘இளசு. மூங்கில் வாசம் இன்னும் அடங்கவில்லை’ என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சொன்னால் சிரிப்பார்கள். அவன் குவளையை என் கையிலிருந்து வாங்கித் தென்னை வேரில் கொட்டினான். அன்றிலிருந்து பேச்சில்லை. அவன் தெருவில் நடந்தால் என்னைப் பார்க்காமலே கடக்கிறான். அது எவ்வளவு சிறிய தெரு தெரியுமா?”

“இந்த மூன்றும் அவர் தேறலைவிட நல்லவையா?”

“இதென்ன கேள்வி!”

“அது அவருக்குத் தெரியுமா?”

“கயிறு திரிக்கிறவன்தான். ஆனாலும் ஒரு வாய் குடித்தால் அவனுக்கே தெரியும்.”

“அப்படியானால் அன்று ஒருமுறை சொன்னதை இன்று மூன்று சாடி நிறையச் சொல்லப் போகிறீர்.”

அந்துவன் சாடிகளைப் பார்த்தான். அவை மணலில் நிமிர்ந்து நின்றன.

“மட்டமான ஒன்றை வாங்கிக்கொண்டு போகட்டுமா?” என்றான்.

கந்தியார் சிரிக்கவில்லை. மயிற்பீலி மட்டும் லேசாக ஆடியது.

“மூங்கிலில் புதைத்ததை எப்போது தோண்டுவார்கள்?”

“மூன்று மழை கண்டபின், அதாவது மூன்று ஆண்டு கழித்து. அதுதான் இந்த ஊர் வழக்கம்.”

“மோசியாருடையது?”

“ஒரே மழை. குடித்ததும் சொல்லிவிட்டேனே!”

“அவருக்கு வழக்கம் தெரியாதோ?”

“அவனுக்கா? அவன் அப்பன், பாட்டன் எல்லோரும் தேறல் புதைத்தவர்கள். ஊரில் யார் புதைத்தாலும் குழி பார்க்க அவனைத்தான் கூப்பிடுவார்கள். இந்தக் குழாய்கள் அவன் மகள் திருமணத்துக்கென்று வைத்தவை. அதில் ஒரு நாள் முன்பின் விடமாட்டான். அப்படிப்பட்ட பிடிவாதக்காரன்.”

“பிறகு ஏன் தோண்டினார்?”

“ஏனென்றால்...”



“அன்று என்ன விருந்து, வணிகரே?”

அவன் ஒரு சாடியின் அடியில் மணலை அணைத்தான்.

“யாராவது பிறந்தார்களா?”

“இல்லை.”

“பிறகு?”

“நான் கரையேறிய நாள்” என்றான் அந்துவன் மெல்ல. “கப்பல் உடைந்து, நான் செத்துவிட்டதாக ஊரில் செய்தி. எனக்குப் பிண்டம்கூட வைத்துவிட்டார்கள். மாலையில் யாரோ ஒருவருடைய மீன்படகில் வந்து இறங்கினேன். செய்தி கேட்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான், கொல்லைப் பக்கமிருந்து மோசி ஓடிவந்தான். அவன் கையெல்லாம்...”

“கையெல்லாம்?”

“மண்.”

அந்துவன் எழுந்து, வணங்க மறந்து, நடந்தான். வண்டியையும் மறந்தான். கள்ளைத் தொடாத துறவியின் முன்னால் மூன்று சாடித் தேறல் நின்றது. அன்று மாலை அந்தப் பக்கம் போனவர்கள் அதைப் பற்றிப் பலவாறு பேசிக்கொண்டார்கள்.

மோசி வாசலில் தேங்காய் நாரைப் பிரித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காமலே, ஒரு மாதத்துக்குப் பிறகு, பேசினான்.

“யவனச் சாடிகளை ஏற்றிக்கொண்டு எங்கோ போனாயாம். ஊரே சொல்கிறது. எனக்குத்தான் வரும் என்றார்கள். சாடியை வாசலிலேயே உடைப்பதென்று இருந்தேன்.”

“கொண்டுவரவில்லை.”

“வேறு என்ன கொண்டுவந்தாய்?”

“ஒன்றுமில்லை. கேட்க வந்தேன். இன்னொரு குழாய் தோண்டித் தருவாயா?”

மோசியின் கை நின்றது.

“அது இளசாயிற்றே, ஐயா. மூங்கில் வாசம் அடங்கியிருக்காது. பெரிய நாக்கு தாங்குமா?”

“அடங்கியிருக்காது. தவறு என் பக்கம்தான், மோசி. நானும் மூன்று மழை கழித்துத் திரும்பி வந்திருக்க வேண்டும்.”

மோசி நாரைக் கீழே வைத்தான். முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

“மண்வெட்டி கொல்லையில் கிடக்கிறது. இந்தமுறை நீ தோண்டுடா.”