நாச்சக்காளின் மூன்று வன்னி மரங்கள்

முன்னொரு காலத்தில், மழை எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் ஒரு சீமையைப் பட்டக்காரர் ஒருவர் ஆண்டுவந்தார். அந்தச் சீமையில் நாச்சக்காள் என்பவள் தனி ஆளாக வெள்ளாமை செய்தாள். அவளுக்கு மழையை நம்பிய ஒரு துண்டுப் புன்செய்க் காடு. காட்டின் நடுவே மூன்று வன்னி மரங்கள்.

வருடந்தோறும் விதைப்புக்கு முன்னால் அவள் அரிவாளோடு மரம் ஏறுவாள். பக்கக் கிளைகளைக் கழிப்பாள், உச்சிக் கொண்டையை மட்டும் தொடமாட்டாள். தழை ஆட்டுக்கு, முள் வேலிக்கு, குச்சி அடுப்புக்கு. கழித்த மரத்தடியில் வெயில் விழும், கம்புப் பயிர் கருகருவென்று வளரும்.

பக்கத்துக் காட்டுக்காரன் காரியப்பன் தன் வன்னிகளை என்றோ வேரோடு தோண்டி எறிந்தவன். நாச்சக்காளின் காட்டின் மேல் அவனுக்கு ஒரு கண். பட்டக்காரரிடம் போய், "சாமி, வருசா வருசம் வன்னிய மொட்டை அடிக்கிறாளுங்க. கோயில் மரமுங்க, பாவமுங்க" என்று அழுதான். தன் மரத்தை வேரோடு பிடுங்கியவனுக்கு அடுத்தவள் மரத்தின் மேல் வந்த இரக்கத்தைப் பாருங்கள்!

பட்டக்காரர் நாச்சக்காளை அழைத்துக் கேட்டார்.

"கழிச்சு விட்டாத்தானுங்க தழையும். உச்சிய விட்டு வைக்கிறனுங்க" என்றாள் அவள்.

"மூன்று வருடம் பார்ப்போம். அதற்குள் ஒரு மரம் பட்டுப்போனாலும் உன் காடு காரியப்பனுக்கு" என்றார் பட்டக்காரர்.

முதல் வருடம் மழை குறைந்தது. இரண்டாம் வருடம் தூறலோடு நின்றது. மூன்றாம் வருடம் அதுவும் இல்லை. காரியப்பன் காட்டில் புழுதி பறந்தது. வன்னிகள் மட்டும் ஆழத்து ஈரத்தைக் குடித்துப் பச்சையாக நின்றன. அந்தத் தழையில் நாச்சக்காளின் ஆடுகள் பிழைத்தன.

கெடு முடிய ஒரு மாதம் இருக்கும்போது காரியப்பனின் பசு அவள் வேலியோரம் வந்து படுத்தது. எழ முடியவில்லை. எலும்பும் தோலுமான கன்று ஒன்று அதன் மடியை முட்டிக்கொண்டிருந்தது. கிளையெல்லாம் ஏற்கெனவே கழித்தாயிற்று, மிச்சம் உச்சிக் கொண்டைகள்தான். அவற்றையும் வெட்டினால் இந்த வறட்சியில் மரம் தாங்காது. மரம் போனால் காடு போகும். வேலிக்கு அந்தப் பக்கம் காரியப்பன் நின்றான். கேட்க அவனுக்கு முகம் இல்லை.

நாச்சக்காள் மரத்தைப் பார்த்தாள், கன்றைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது. அரிவாளை எடுத்துக்கொண்டு ஏறினாள். தினம் ஒரு கொப்பாக, ஒரு மரத்தின் கொண்டை முழுவதும் அந்தப் பசுவுக்குப் போயிற்று. பசு எழுந்தது. மரம் காய்ந்தது.

கெடு நாளில் பட்டக்காரர் வந்து பார்த்தார். "இரண்டு பச்சையாக இருக்கின்றன. மூன்றாவது செத்துவிட்டதே?"

நாச்சக்காள் தலைகுனிந்தாள். காடு கைக்கு வரப்போகிற அந்த நேரத்தில் காரியப்பன் முன்னால் வந்து நின்றான்.

"சாகலீங்க சாமி. எங்க கட்டுத்தரையில கன்னுக்குப் பால் குடுத்துட்டு நிக்குதுங்க" என்றான். நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொன்னான்.

பட்டக்காரர் கேட்டுவிட்டு, மரம் பட்டது வருடந்தோறும் கழித்ததால் அல்ல, பசுவைக் காக்கத்தான், அதனால் காடு நாச்சக்காளுக்கே என்று தீர்ப்பளித்தார். அடுத்த மழைக்குக் காய்ந்த மரத்தின் வேரிலிருந்து மூன்று கன்றுகள் கிளம்பின. ஒன்றை அவள் வைத்துக்கொண்டாள். இரண்டைக் காரியப்பன் வேர் அறாமல் தோண்டி எடுத்துப் போய், தன் மொட்டைக் காட்டின் நடுவே நட்டு, ஆடு கடிக்காமல் முள் கட்டினான்.

இந்தக் கதை சொல்லும் நீதி: அளவறிந்து கழித்து மரத்தை வாழவைக்கிறவரின் நிலம், பஞ்சம் வந்தால் அவரோடு அயலாரையும் சேர்த்துக் காப்பாற்றும்.