எண்பது வோல்ட்டும் ஒரு பட்டு வேட்டியும்

இஸ்திரிக் கடை பவளக்கொடியைக் காலிசெய்ய வைக்க, கடையின் சொந்தக்காரர் ராஜரத்தினம் பியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். மகள் நிச்சயதார்த்தத்துக்குத் தான் கட்டவேண்டிய பட்டு வேட்டி பவளக்கொடியிடம் தேய்க்கக் கிடந்ததை மறந்துவிட்டார்.

மறுநாள் வோல்ட் அளக்கும் புது டிஜிட்டல் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, அதன் முனைகளை அவள் கடை பிளக்கில் செருகினார். எண்பது வோல்ட் காட்டியது.

"பியூஸ் என்கிட்ட இருக்கு. கரண்டு எங்க திருடின?" தெருவே கூடிவிட்டது.

"எண்பது இருக்குல்ல? அதுலயே உங்க வேட்டியத் தேய்ச்சிடறேன்யா." பவளக்கொடி பக்கத்து பிளக்கில் இஸ்திரிப் பெட்டியைப் போட்டாள். மீட்டர் பூஜ்யத்துக்கு விழுந்தது. பெட்டி சில்லென்றே இருந்தது.

"பக்கத்துல கரண்டு ஓடுற ஒயரோட வாடைக்கே உங்க மீட்டர் எண்பது சொல்லுது. நிஜக் கரண்டுன்னா பெட்டி சுட்டிருக்கும். பிரியாணி வாசனைல வயிறு நிறையுமாய்யா?"

தெரு சிரித்தது. நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பக் காத்திருந்த கார் ஹாரன் அடித்தது. ராஜரத்தினம் பையிலிருந்த பியூஸ் கட்டையைத் தானே எடுத்து மாட்டினார்.