தள்ளுகிற சுற்று

குருவுக்குத் தாடி இருந்தாக வேண்டும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. கோவில்பட்டி பைபாஸ் ரோட்டில் கார் பட்டறை வைத்திருந்த மாரிச்செல்விக்கு வயது முப்பத்தெட்டு. முழங்கை வரை கிரீஸ். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும். அவளிடம் தொழில் படிக்க வந்த சீடர் கருத்தப்பாண்டிக்கு ஐம்பத்தாறு. அவர் அவளைத் தாயி என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

இருபத்தைந்து வருஷம் லாரி ஓட்டிய மனுஷன். கண் மங்கியதும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ஸ்பேனரைப் பிடித்தார். மனைவி சண்முகக்கனி செத்துப்போய் எட்டு வருஷம் ஆகிறது. ஒரே மகள் வசந்தா சாத்தூரில் இருந்தாள், இருந்தும் இல்லாத மாதிரிதான். மத்தியானமானால் பட்டறையில் நிற்கும் ஏதாவது ஒரு காரின் பின்சீட்டில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, தூக்குச்சட்டியைத் திறந்து தனியாகச் சாப்பிடுவார். பார்க்கிறவனுக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் பழைய பெட்ரோல் கார் ஒன்று வந்தது. டிஸ்ட்ரிப்யூட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்ட வேண்டும். எந்தப் பிளக்குக்கு எந்த நேரம் நெருப்புப் போக வேண்டும் என்று பங்கு வைத்துக் கொடுக்கிற சாமான் அது. கருத்தப்பாண்டி, என்ஜினோடு சேர்ந்து சுற்றும் சக்கரமான புல்லியில் வெட்டியிருந்த டைமிங் குறியை, எதிரே இருந்த கோட்டுக்கு மயிரிழை பிசகாமல் நேர்வைத்து மாட்டினார். சாவியைத் திருப்பினால் வண்டி பிடிக்கவில்லை. கார்புரேட்டர் வழியாக டப்டப்பென்று வெடித்துப் புகை கக்கியது. கழற்றினார், குறி பார்த்தார், மாட்டினார். அதே புகை. மூன்றாவது தடவையும் அப்படியே ஆனதும் மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. வண்டி பிடிக்கவில்லை என்று எந்த மெக்கானிக்காவது அழுவானா?

மாரிச்செல்வி வந்து என்னவென்று கேட்டாள்.

"குறி சரியாத்தான் இருக்கு தாயி. எல்லாம் முறைப்படிதான் செய்யுதேன். ஒண்ணும் பத்தமாட்டேங்கு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். மகள் கதையையும் சேர்த்துக் கொட்டிவிட்டார். தீபாவளி தவறினதில்லை, பொங்கல் தவறினதில்லை, சேலையும் வேட்டியும் பலகாரமுமாகப் போய் நிற்கிறாராம். வாங்க, சாப்பிடுங்க, போய்ட்டு வாங்க. ஏழு வருஷமாக மகள் வாயிலிருந்து வருவது இந்த மூன்றுதான். அப்பா என்ற வார்த்தையைக் கேட்காமலே செத்துப்போவேன் போலிருக்கிறதே, நான் எதில் பிசகினேன் என்று கேட்டார்.

மாரிச்செல்வி முதல் பிளக்கைக் கழற்றச் சொன்னாள். அந்த ஓட்டையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடச் சொல்லிவிட்டு, குனிந்து புல்லியை ஸ்பேனரால் மெதுவாகச் சுற்றினாள். குறி கோட்டுக்கு நேரே வந்தது.

"விரலுக்கு என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல."

இன்னும் ஒரு முழுச்சுற்று சுற்றினாள். குறி கோட்டை நெருங்கும்போது உள்ளே காற்று இறுகி அவர் விரலை வெளியே தள்ளியது. அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை.

"தள்ளுது தாயி."

"குறி எங்க நிக்கி?"

"அதே எடத்துலதான்."

"ரெண்டு சுத்துக்கு ஒருக்காத்தான் தள்ளும் அண்ணாச்சி. நெருப்ப அப்பத்தான் வைக்கணும். தள்ளாத சுத்துல உள்ள ஒண்ணும் கெடையாது. வெறும் புகை."

டிஸ்ட்ரிப்யூட்டரைத் தூக்கி, அரைவட்டம் திருப்பி இறக்கினாள். சாவியைத் தொட்டதும் வண்டி பிடித்துக்கொண்டது. கருத்தப்பாண்டிக்கு அதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை, ஓடுகிற என்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் வண்டியை அணைத்துவிட்டு, கழிவுத்துணியில் கை துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"உங்க மக உங்களை என்னைக்காவது தள்ளியிருக்காளா?"

தள்ளியிருக்கிறாள். சண்முகக்கனி செத்த சேதி வந்தபோது அவர் நாக்பூரில் தீப்பெட்டி லோடோடு நின்றார். லோடை இறக்கிவிட்டுத்தான் கிளம்பினார். வந்து சேரும்போது எரித்து மூன்று நாள் ஆகியிருந்தது. முதல் வருஷத் திதிக்கு மகள் வீட்டுக்குப் போனவரை, வசந்தா இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து வாசலுக்கு வெளியே தள்ளினாள். இப்ப மட்டும் எதுக்கு வந்தீங்க என்று தெருவே கேட்கும்படி கத்தினாள். அதற்கப்புறம் திதியன்று அவர் சாத்தூர் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை. நல்லநாள் என்றால் வீடு நிறைய ஆள் இருக்கும், சண்டை வராது என்று நினைப்பு.

மாரிச்செல்வி இந்த வருஷத் திதி எப்போது என்று கேட்டாள்.

"வார வியாழக்கிழமை," என்றார். "என்னால முடியாது தாயி. அவளுக்கு எம்மேல உள்ள கோவம் இன்னும் தீரல."

"தீந்துபோறதுக்குள்ள போயிருங்க," என்றாள்.