அளத்துத் தெருவில் ஒருவரும் இல்லை

கேட்டவுடனே விடை சொல்லிவிடுகிற கெட்டிக்காரர்கள் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். இது வாயைப் பற்றிய கதைதான்.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டி ஓர் ஊர். மேட்டுத் தெருவில் லாரி ஓட்டுகிறவர்கள் இருந்தார்கள். அளத்துத் தெருவில் உப்பளத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள் இருந்தார்கள். புகையிலைப் பழக்கத்தை விடவைக்கவும் வாயைப் பரிசோதிக்கவும் பல் மருத்துவரோடு ஒரு வண்டி வருவதாக இருந்தது. வண்டி ஒன்று, தெரு இரண்டு. எந்தத் தெருவில் பழக்கம் அதிகமோ அங்கே வாரந்தோறும் வரும். மற்றத் தெரு அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டும்.

ஆகவே முதலில் கணக்கெடுக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் ரெஜினா அந்த வேலையை இசக்கியம்மாளிடம் கொடுத்தார். அவள் அளத்துத் தெருக்காரி. பல வருஷம் உப்பு வாரியவள், இப்போது சுகாதாரத் தன்னார்வலர். வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். பெயர் எழுதக் கூடாது. சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். அவ்வளவுதான் விதி.

மேட்டுத் தெரு சுலபமாக முடிந்தது. ஆண்கள் பீடியைக் கையில் வைத்துக்கொண்டே "ஆமா, உண்டு" என்றார்கள். அளத்துத் தெருப் பெண்கள் சாயங்காலம்தான் வீட்டில் இருப்பார்கள். வாசலில் நின்று கேட்டால் உள்ளே மாமியார் காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள், கட்டிலில் புருஷன் படுத்திருப்பான். "சீ, அந்தக் கருமமெல்லாம் இங்க கிடையாது" என்று வீட்டுக்கு வீடு ஒரே பதில். இசக்கியம்மாள் எல்லா வீட்டுக்கும் "இல்லை" என்று எழுதி, கடைசியில் தன் வீட்டுக்கும் அப்படியே எழுதினாள். அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

உண்மை அவளுக்குத் தெரியாதா என்ன! உப்பளத்து வெயிலும் பசியும் உறைக்காமல் இருக்கக் கன்னத்தில் ஒரு புகையிலைத் துண்டை அடக்கிக்கொள்வது அங்கே வழக்கம். மதியம் ஆண்கள் யாரும் இல்லாத நேரத்தில் உடைமரத்தடியில் கூடுவார்கள். தண்ணீர்ப் பானை அதற்குள் காலியாகியிருக்கும். கஞ்சி குடித்து முடித்ததும் ஒவ்வொருத்தியாகக் கடல் பக்கம் முகத்தைத் திருப்பி ஒரு துண்டை வாயில் வைப்பாள். மற்றவர்கள் பார்க்காததுபோல் இருப்பார்கள். அதைப் பற்றி வாய்விட்டுப் பேசாமல் இருப்பதுதான் அங்கே மரியாதை.

அவர்களில் முத்துக்கனி என்பவளுக்குக் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு புண் இருந்தது. பொங்கலிலிருந்து ஆறவில்லை. கஞ்சிக்கு ஊறுகாய் தொட்டால் கண்ணில் நீர் வந்துவிடும். இசக்கியம்மாள் ஒருத்தியிடம் மட்டும்தான் முத்துக்கனி வாயைத் திறந்து காட்டியிருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம், வாட்டீ" என்றாள் இசக்கியம்மாள்.

"வேண்டாம்க்கா. எம்மவளுக்கு மாப்பிள்ள பாக்கோம். என்னய மட்டும் தனியாக் கூட்டிட்டுப் போனா ஊரே என்னன்னு கேக்கும். யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லுங்க."

அவள் அழுவதைப் பார்க்க மாட்டாமல் இசக்கியம்மாள் வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் யோசித்தாள். வண்டி மேட்டுத் தெருவுக்குப் போய்விடும். அடுத்த வருஷம் வரை அந்தப் புண் சும்மா இருக்குமா?

அவள் டாக்டரிடம் போய் நின்றாள். "டாக்டரம்மா, எங்க தெருவுக்கு எழுதினது அம்புட்டும் பொய். எனக்குத் தெரிஞ்சத வச்சுத் திருத்தி எழுதிரட்டுமா?"

"வேண்டாம் இசக்கியம்மா. இன்னிக்கு நீங்க தெரிஞ்சத எழுதுவீங்க. நாளைக்கு இன்னொருத்தர் பிடிக்காத வீட்டுக்கெல்லாம் 'உண்டு'ன்னு எழுதினா என்ன பண்றது? வாயாலதான் சொல்லணும்னு இல்ல. ஆனா அவங்களா சொன்னதா இருக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டு வாங்க, மாத்திடலாம்."

டாக்டர் சொன்னதில் நான் ஒரு குற்றமும் காணமாட்டேன். பயந்து மறைத்த முத்துக்கனியையும் திட்ட எனக்கு மனசு வரவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டவள் இசக்கியம்மாள்தான்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். கொடுத்த வாக்கை மீறாமல், தானாக ஒன்றையும் எழுதாமல், அந்த வண்டியை அளத்துத் தெருவுக்குத் திருப்ப இசக்கியம்மாள் என்ன செய்ய வேண்டும்? அதற்கு முன், யாருடைய "இல்லை"யை அவள் முதலில் மாற்ற வேண்டும்?

விடை இதுதான். மறுநாள் மதியம் அவள் உடைமரத்தடிக்குப் போனாள். காலிப் பானையைத் துடைத்து, அதன் வாயை ஒரு துணியால் மூடினாள். ஒவ்வொருத்தி கையிலும் ஓர் உப்புக்கட்டியும் ஒரு கருங்கல்லும் கொடுத்தாள். "அடக்குற பழக்கம் உண்டுன்னா கல்லு, இல்லன்னா உப்பு. கைய உள்ள விட்டுப் போடுங்க. மிச்சத்த மடியில முடிஞ்சுக்கிடுங்க. யாரு எதப் போட்டான்னு எனக்கும் தெரியாது." ஒருத்தியும் அசையவில்லை. இசக்கியம்மாள் துணியை விலக்கினாள். தன் உள்ளங்கையிலிருந்த கருங்கல்லை எல்லோரும் பார்க்கக் காட்டிவிட்டு உள்ளே போட்டாள். "எங்க வீட்டுக்கு நான் எழுதினதும் பொய்தான்" என்றாள். பிறகுதான் மற்றக் கைகள் நீண்டன. டாக்டரின் மேசைமேல் அந்தப் பானையைக் கவிழ்த்தபோது உப்பைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. மேட்டுத் தெரு ஒரு வருஷம் காத்திருக்க நேர்ந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் வண்டி உப்பளத்துக்கே வந்தது. எல்லாப் பெண்களும் வரிசையில் நின்று வாயைத் திறந்தார்கள், முதல் ஆளாக இசக்கியம்மாள். அந்த வரிசையில் முத்துக்கனி எத்தனையாவதாக நின்றாள் என்று யாரும் கவனிக்கவில்லை.