கட்டிலோடு போன ராஜா

முன்னொரு காலத்தில், சேவல் கூவினால் சேவலுக்கே தண்டனை கிடைத்த ஒரு நாடு இருந்தது. அந்நாட்டு ராஜா மகுடவர்மருக்குத் தூக்கம் என்றால் உயிர். உச்சிவெயிலில்தான் எழுவார். அதனால் கோட்டைக்குள் சேவல் வளர்க்கவே தடை.

ஒருநாள் சிம்மாசனப் படி ஏறுவதற்குள் ராஜாவுக்கு மூச்சு வாங்கியது. "விடியலில் எழுந்து நடக்காவிட்டால் இந்த உடம்பு தாங்காது, அரசே" என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார்.

ராஜா விகடகவி பிச்சாண்டியைப் பார்த்தார். "பௌர்ணமிக்குள் எனக்கு அந்தப் பழக்கம் வந்தாக வேண்டும். தவறினால் நீ நாட்டை விட்டே போக வேண்டும்."

பிச்சாண்டியைக் கண்டாலே வயிறு எரியும் மந்திரி வாமதேவர் துள்ளி எழுந்தார். "அரசே, தங்களைத் தொட்டோ கூப்பிட்டோ எழுப்பினால் ராஜத்துரோகம் ஆயிற்றே!"

"ஆமாம், அதுவும் கூடாது" என்றார் ராஜா, கொட்டாவியோடு.

பிச்சாண்டி தலையைச் சொறிந்தான். பிறந்த மண்ணை விட்டு எங்கே போவது? ஆனாலும் மூச்சு வாங்கி நின்ற ராஜாவின் முகம் அவன் மனதைப் பிசைந்தது. ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தான்.

"தங்களைத் தொட மாட்டேன், அரசே. கட்டிலைத் தொடலாமா?"

"தாராளமாக!"

மறுநாள் கருக்கலில் பல்லக்குத் தூக்கிகள் ராஜாவைக் கட்டிலோடு அலுங்காமல் தூக்கினார்கள்.

"சாமி, எங்க தலை தப்புமா?"

"ராஜாவ கீழ போட்டுடாதீங்கப்பா, எல்லாம் தப்பும்" என்றான் பிச்சாண்டி.

ஏரிக்கரையில் இறக்கினார்கள். ஏரி நாரைகளுக்குக் கோட்டைச் சட்டம் ஏது? அவை போட்ட கூச்சலில் ராஜா விழித்துக்கொண்டார்.

"பல்லக்கு எங்கே?"

"கட்டிலைச் சுமந்த களைப்பில் தூக்கிகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், அரசே."

வழியெல்லாம் திட்டிக்கொண்டே ராஜா அரண்மனைக்கு நடந்தார். வந்த பசியில் காவலர்களின் கேழ்வரகுக் கூழையே வாங்கிக் குடித்தார். பிச்சாண்டியைத் தண்டிக்கும்படி வாமதேவர் சொன்னபோது, "கட்டிலைத் தொட அனுமதித்தது நான்தானே" என்று முணுமுணுத்தார். தினமும் இதே கதைதான். திட்டு மட்டும் நாளுக்கு நாள் குறைந்தது.

பௌர்ணமியும் வந்தது. அன்று கருக்கலிலிருந்து தேடி அலைந்தும் ஒரு தூக்கியைக்கூடக் காணோம். பிச்சாண்டி வெறுங்கையோடு திரும்பியபோது பள்ளியறை வாசலில் வாமதேவர் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றார். "அவர்களை வெளியூருக்கு அனுப்பிவிட்டேன். மூட்டை கட்டுகிறாயா?"

பிச்சாண்டி விறுவிறுவென்று உள்ளே போனான். வேட்டியை மடித்துக் கட்டி, தன்னந்தனியாகக் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கினான். அது லேசாக மேலே வந்தது. போர்வையை விலக்கினால் வெறும் தலையணைகள்!

"அங்கே என்ன தேடுகிறாய்?"

ராஜா வாசலில் நின்றார். காலெல்லாம் ஏரிச் சேறு. "நீ வரத் தாமதமாயிற்று. நாரைகள் பறந்துவிடுமே என்று நானே எழுந்து நடந்துவிட்டு வருகிறேன்!"

பிச்சாண்டியின் கண்கள் கலங்கிவிட்டன. அதைப் பார்த்து ராஜா மூச்சு வாங்காமல் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பிச்சாண்டி, பொற்கிழியோடு இந்தக் கட்டிலும் உனக்கே. வீட்டுக்குக் கொண்டுபோ."

"தூக்க ஆள் இல்லையே, அரசே! தூக்கிகளை மந்திரியார் வெளியூருக்கு அனுப்பிவிட்டாரே!"

ராஜா திரும்பிப் பார்த்தார். "அதனாலென்ன? வாமதேவரே, அந்தப் பக்கம் பிடியும்!"