உடும்பு விட்ட பந்து

வேங்கைமரக் காட்டின் நடுவில் ஒரு குளம் இருந்தது. வடகரையில் ஒரு கூட்டம், தென்கரையில் ஒரு கூட்டம். கோடை வந்தால் குளம் வற்றிப்போய், நடுப் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் கிடக்கும். அதை யார் முதலில் குடிப்பது என்று ஒரு காலத்தில் கொம்பாலும் நகத்தாலும் முடிவு செய்துகொண்டிருந்தார்கள். ஏகப்பட்ட உயிர் போன பிறகு புத்தி வந்தது. கோடைக்கு முன்னால் கால்பந்து ஆடுவது, ஜெயித்த கரை முதலில் குடிப்பது, சமமாக முடிந்தால் போன வருஷம் ஜெயித்த கரைக்கே தண்ணீர் என்று பேசி முடித்தார்கள். தோற்ற கரைக்கு என்ன கிடைக்கும்? மற்றவர்கள் குடித்து, குளித்து, கலக்கிவிட்டுப் போன சேறு கிடைக்கும்.

வடகரையின் கோல்கீப்பர் இருளப்பன் என்ற உடும்பு. உடும்புக்குப் பிடிக்கச் சொல்லித் தர வேண்டுமா? காட்டுக்கொடியில் பின்னிய அந்தப் பந்து எந்தப் பக்கம் பறந்து வந்தாலும் ஒரே பாய்ச்சலில் நகத்தால் கவ்விவிடுவான். வடகரை வருஷா வருஷம் தெளிந்த தண்ணீர் குடித்தது அவன் கையால்தான். ஆனால் கோல் போட்ட புள்ளிமான் மாயாண்டிக்குத்தான் கழுத்து நிறைய மாலை விழும். இருளப்பனுக்கு அதில் வருத்தமே இல்லை. இரண்டு கம்பங்களுக்கு நடுவே போய் நின்றால் அவனுக்கு மனசு குளிர்ந்துவிடும். பந்து வரும், பிடிப்பான், எறிவான். அந்த இடம் தனக்கு இருந்தால் போதும் என்று இருந்தான்.

அந்த வருஷம் மழை முடிகிற சமயத்தில் இரண்டு கரைகளும் சும்மா ஒரு ஆட்டம் ஆடின. தோற்றாலும் யாருக்கும் குடி முழுகிப் போகாத ஆட்டம். பந்து நனைந்து ஊறியிருந்தது. தென்கரை நரி மெதுவாகத்தான் உதைத்தது. இருளப்பன் பிடித்தான். பிடித்த பந்து நகத்துக்கிடையே வழுக்கி, அவன் வயிற்றுக்கடியில் உருண்டு, கோட்டைத் தாண்டிப் போய் நின்றது.

கொன்றை மரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த மைனாக்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எல்லாம் வடகரை மைனாக்கள்தான். "வழுக்கிருச்சு, வழுக்கிருச்சு" என்று ஒன்று ஆரம்பித்தது. மரம் முழுக்கக் கத்தியது.

அன்றோடு விட்டிருந்தால் அவனும் மறந்திருப்பான். மைனாவுக்கு ஒரு சொல் வாயில் ஒட்டிக்கொண்டால் லேசில் போகுமா? அவன் கரையான் புற்றைக் கிளறப் போனால் தலைக்கு மேல் "வழுக்கிருச்சு". பாறையில் வெயில் காயப் படுத்தால் "வழுக்கிருச்சு". தண்ணீர் குடிக்க வந்த முயல் குட்டிகள்கூட அதைச் சொல்லிச் சொல்லிக் குதித்தன. அவன் சிரித்துச் சமாளித்துப் பார்த்தான். பிறகு சிரிப்பும் வரவில்லை, இரையும் இறங்கவில்லை.

அடுத்த ஆட்டத்தில் நரி காலைத் தூக்கும்போதே அவனுக்குள் அந்தச் சத்தம் கேட்டது. பாய வேண்டிய நேரத்தில் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பந்து பக்கத்தில் போயிற்று. அதற்கப்புறம் வந்ததும் போயிற்று.

வடகரை கேப்டன் கொம்பையா ஒரு காட்டுப்பன்றி. கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆலங்கட்டி மழை கொட்டினாலும் உறைக்காத தோல் அவனுக்கு. உலகத்தில் எல்லோருக்கும் அதே தோல்தான் என்று நினைப்பு. அவன் இருளப்பனை நாரை வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனான். அங்கே ஏற்கெனவே மாயாண்டி படுத்திருந்தான். குளம்பில் முள் ஏறிவிட்டதாம். பச்சிலை வைத்துக் கட்டி, இளம்புல்லை வாயருகே கொண்டுவந்து ஊட்டிக்கொண்டிருந்தார்கள். புண் ஆறும்வரை அவனை யாரும் பந்தைத் தொடச் சொல்லக் கூடாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எல்லோரும் சரி சரி என்று தலையாட்டியிருந்தார்கள்.

நாரை வைத்தியர் இருளப்பனின் நகங்களை ஒவ்வொன்றாக அலகால் தட்டிப் பார்த்தார். முதுகை அமுக்கினார்.

"கையில கோளாறு இல்ல, கால்ல கோளாறு இல்ல. பெறகு எங்கதான் வலிக்குது?"

"வலி இல்லைங்க. பந்து கெளம்பும்போதே நெஞ்சு படபடன்னு அடிக்குது. மைனா இல்லாத எடத்துலயும் அந்தச் சத்தம் கேக்குது" என்றான் இருளப்பன்.

வைத்தியர் கொம்பையா பக்கம் திரும்பினார். காட்டிலே அவருக்குப் பெரிய பேர். தெரியாது என்ற வார்த்தையை அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை.

"ஒடம்புல ஒண்ணுமில்ல. இது கொழுப்பு" என்றார்.

திரும்பி வரும் வழியில் இருளப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டான். கொஞ்ச நாள் ஒதுங்கி இருக்கட்டுமா, மைனாக்களை மட்டும் வாயை மூடச் சொல்ல முடியுமா என்று. அவ்வளவுதான் அவன் கேட்டது. கொம்பையாவுக்கு வந்ததே ஒரு சிரிப்பு. பறவை கத்தியதற்கெல்லாம் படுத்துக்கொண்டால் கரை என்னத்தைக் குடிக்கும் என்று கேட்டான். பிறகு ஒரு வைத்தியமும் கண்டுபிடித்தான். காயத்தில் மிளகாய் தேய்க்கிற வைத்தியம். தினமும் பயிற்சியின்போது மைனாக்களைக் கோலுக்குப் பின்னால் வரிசையாக உட்கார வைத்துக் கத்தச் சொன்னான். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டால் சரியாகிவிடுமாம்.

மைனாக்களுக்குக் கேட்க வேண்டுமா? இதுவரை சொந்தமாகக் கேலி செய்தவை, இப்போது கேப்டன் உத்தரவின்பேரில் கேலி செய்தன.

ஆச்சரியம் என்னவென்றால், இருளப்பன் மறுபடியும் பந்தைப் பிடிக்க ஆரம்பித்தான். ஒன்றைக்கூட விடவில்லை. பார்த்தீர்களா என் வைத்தியத்தை என்று கொம்பையா கரை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். பிடித்த பந்தை இருளப்பன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே கிடந்ததை அவன் கவனிக்கவில்லை. எறி எறி என்று எத்தனை தரம் கெஞ்சினாலும் நகம் லேசில் பிரியவில்லை. விட்டால் வழுக்கிவிடும், வழுக்கினால் சிரிப்பார்கள். அவன் மனசில் வேறு எதற்கும் இடமில்லை. முன்பு குளிர்ச்சி தந்த அந்த இடத்தில் இப்போது அவனுக்கு மூச்சு முட்டியது.

புண் ஆறி வந்த மாயாண்டிதான் அதைப் பார்த்தான்.

"அண்ணே, இவன் பந்தைக் குடுக்கவே மாட்டேங்குறான். கண்ணும் ஒரு மாதிரியா இருக்கு. கூப்பிட்டு என்னன்னு கேளுங்க."

"பிடிக்குறானா இல்லையா? அது போதும். கண்ணை வச்சு நமக்கு என்ன ஆகப்போவுது?" என்றான் கொம்பையா.

கோடை ஆட்டம் வந்தது. சூரியன் மலையைத் தொட்டால் ஆட்டம் முடிவு. நடுவர் மரங்கொத்தி. அவர் மரத்தை ஒரு தரம் கொத்தினால் எச்சரிக்கை, படபடவென்று கொத்தினால் கோல். கோல்கீப்பர் பிடித்த பந்தை உடனே எறிந்துவிட வேண்டும், வைத்துக்கொண்டே இருந்தால் எதிரணிக்குக் கோலுக்கு நேரே ஓர் உதை கொடுத்துவிடுவார்.

பொழுது சாயும்வரை யாரும் கோல் போடவில்லை. இப்படியே முடிந்தால் வடகரைக்குத்தான் தண்ணீர். கடைசி நேரத்தில் நரி ஓடிவந்து ஒரு உதை விட்டது. இருளப்பன் கோட்டை ஒட்டிப் பாய்ந்து பந்தைக் கவ்விக்கொண்டு விழுந்தான். உடம்பும் பந்தும் கோட்டுக்கு இந்தப் பக்கம், வால் மட்டும் கோலுக்குள்ளே கிடந்தது. வடகரையே எழுந்து நின்று ஆரவாரம் செய்தது.

மரங்கொத்தி ஒரு தரம் கொத்தினார். எறி என்று அர்த்தம்.

இருளப்பனால் முடியவில்லை. எறியத்தான் நினைத்தான், பாவம். மனசு சொன்னதை நகம் கேட்கவில்லை. அப்போது கோலுக்குப் பின்னால் இருந்த மைனாக்கள், பழக்கதோஷம், ஒரே குரலில் கத்தத் தொடங்கின. கண்ணை இறுக மூடிக்கொண்டு பந்தை இன்னும் இறுக்கினான்.

கொம்பையா பாய்ந்து வந்தான். பந்தை மூக்கால் நெம்பிப் பார்த்தான், அசையவில்லை. மரங்கொத்தி மறுபடியும் அலகை ஓங்கினார். பதறிப்போன கொம்பையா கோலுக்குள் ஓடி, இருளப்பனின் வாலைக் கடித்துக்கொண்டு பலம் கொண்ட மட்டும் பின்னால் இழுத்தான். வலித்தால் விட்டுவிடுவான் என்று கணக்கு.

"அண்ணே, கோடு! இழுக்காதீங்க!" என்று மாயாண்டி அலறினான்.

கொம்பையா இழுத்த இழுப்பில் இருளப்பன் சறுக்கிக்கொண்டே போனான். அவன் நெஞ்சில் இருந்த பந்தும் போயிற்று. கோட்டைத் தாண்டியதும் மரங்கொத்தி படபடவென்று கொத்தினார். தென்கரை துள்ளிக் குதித்தது. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது.

கரை கூடி விசாரித்தது. இவன் கையை நம்பித்தான் கெட்டோம் என்று கொம்பையா கண்ணீர் விட்டுச் சொன்னான். வாலை இழுத்த பேச்சை யாரும் எடுக்கவில்லை, கேப்டன் இல்லையா! மாயாண்டி வாயைத் திறந்தான், பக்கத்தில் இருந்தவர்கள் அவனை அடக்கி உட்கார வைத்தார்கள். இருளப்பன் மலையடிவாரத்துப் பாறை இடுக்குக்குப் போய்விட்டான். போகாதே என்று சொல்ல ஒருவர்கூட வரவில்லை.

அந்தக் கோடையில் வடகரை சேற்றைக் குடித்தது. குட்டிகளுக்கு வயிற்றால் போயிற்று. மாயாண்டியின் குட்டியும் பிழைக்கவில்லை. அடுத்த வருஷம் கீரியைக் கோலில் நிறுத்தினார்கள். மறுபடியும் சேறு. அதற்கடுத்த கோடை நெருங்கியபோது கொம்பையாவே பாறை இடுக்குக்கு நடந்து போனான். பழசையெல்லாம் மறந்துவிடு, கரைக்கு நீ வேண்டும் என்று வெளியில் நின்று கூப்பிட்டான்.

இருளப்பன் வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து அவன் குரல் மட்டும் வந்தது.

"அண்ணே, என்னையக் கூப்பிடுறீங்களா, என் கையக் கூப்பிடுறீங்களா?"

கொம்பையாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்தான்.

"கையத்தான். வேற எதுக்குக் கூப்பிடப்போறேன்?"

இடுக்குக்குள் ஏதோ நகர்கிற சத்தம் கேட்டது. வருகிறான் என்று கொம்பையா ஒதுங்கி வழிவிட்டு நின்றான். இருளப்பன் இன்னும் ஆழமாக உள்ளே போய்க்கொண்டிருந்தான்.

ஆடுகிறவனின் கையையும் காலையும் மட்டும் கவனித்து மனசைக் கவனிக்காத கூட்டம், தன் தோல்வியைத் தானே இழுத்துக் கோட்டைத் தாண்ட வைக்கும்.