மேனேஜரின் புதுக் கேமரா

தீப்பெட்டி ஆலையில், வெளியே பூட்டிய அறைக்குள் ஏழு பெண்கள் கருகிச் செத்தார்கள். மேனேஜர் ராமபத்ரன் போட்டோ ஸ்டூடியோவிலிருந்து எப்சிபாவை வரவழைத்தார். பூட்டைக் கழற்ற வைத்துவிட்டு, “திறந்த கதவைப் படம் எடு. ஓடாம செத்தது அவளுங்க தப்புன்னு ஆகணும்” என்றார்.

அவள் கேமராவை எடுத்தாள்.

“இந்தப் பழைய டப்பாவா? என்கிட்ட புதுசு இருக்கு.”

“அப்போ உங்க கையாலேயே எடுங்க சார்.”

எடுத்தார். லென்ஸ் மூடியை அவர் கழற்றவில்லை. எப்சிபா அதைப் பார்த்தாள்.

“கதவு தெரியுதா சார்?”

“பளிச்சுன்னு தெரியுது!”

விசாரணையில் அதிகாரி கழுவி எடுத்த அவருடைய படம் முழுக்கக் கறுப்பு. “கண்ணுக்குத் தெரிஞ்சதே!” என்று கத்தினார்.

“உங்க கேமராவுல பார்க்கிற துவாரம் வேற, லென்ஸ் வேற சார். மூடி போட்டிருந்தாலும் தெரியும்” என்ற எப்சிபா, அதிகாரியிடம் ஒரு படத்தை நீட்டினாள். “வாசல்ல நுழையும்போதே பழசுல எடுத்தேங்க.”

படத்தில் பூட்டு தொங்கியது. அதைக் கழற்றச் சொல்லி மேனேஜரின் விரல் நீண்டிருந்தது.